ரெக்கார்டு கடை மாடியில ஒரு பத்திரிகை

லண்டன்ல ஆகஸ்ட் கடைசி வாரம் கரீபியன் ஜனங்களோட தெருத் திருவிழா, நாட்டிங் ஹில் கார்னிவல் நடக்கும், ரெண்டு நாள், தெருவெல்லாம் இறகும் ஜிகினாவும் ஸ்டீல் பேண்டுமா லட்சக்கணக்குல ஜனம். அந்த சமயத்துல வர்ற கட்டுரைகள்ல ஒரு பேரு தவறாம இருக்கும், கிளாடியா ஜோன்ஸ். கார்னிவலோட தாய்னு ஒரு வரி போட்டு, ஒரு கருப்பு வெள்ளை போட்டோ போட்டு, அடுத்த பாராவுல எந்த ரோடு மூடியிருக்குன்னு போயிடுவாங்க. எனக்கு இதுல ஒரு ஆதங்கம் உண்டு. அந்தம்மா முதல்ல ஒரு பத்திரிகைக்காரி. பத்திரிகை ஆரம்பிச்சு, ஆசிரியரா இருந்து, விளம்பரம் தேடி, அச்சாபிஸ் பில்லு கட்டி, ஏழு வருஷம் கிட்ட அதை விடாம இழுத்துட்டுப் போன முதலாளின்னும் சொல்லலாம், கையில முதல்னு ஒண்ணு இல்லாத முதலாளி. அவங்க நடத்தின கார்னிவல் பொறந்ததே அந்தப் பத்திரிகை ஆபிஸ்லதான். பத்திரிகையை விட்டுட்டு கார்னிவலை மட்டும் பேசினா அந்த வாழ்க்கையில பாதிக்கு மேல காணாம போயிடுது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நானும் இங்க லண்டன்ல ஒரு சின்ன தமிழ் மாசப் பத்திரிகைக்கு விளம்பரம் புடிச்சுக் குடுத்து, ப்ரூஃப் பாத்துக் குடுத்து கூடமாட நின்னவ. ஈஸ்ட் ஹாம்ல கடை கடையா ஏறி இறங்கியிருக்கேன். நகைக்கடை, மளிகைக்கடை, விசா வக்கீல், டிரைவிங் ஸ்கூல், பணம் அனுப்புற கடை, இவங்கதான் ஒரு சமூகப் பத்திரிகைக்கு உயிர். "அக்கா, போன மாசம் போட்டதுக்கே யாரும் வரல, அடுத்த மாசம் பாக்கலாம்"னு சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்புவாங்க. அச்சாபிஸ்காரர் பழைய பாக்கி வந்தாதான் புது இதழ் கட்டை வெளிய விடுவாரு. கட்டு வந்தா அதைக் கடைவாசல்ல கொத்தமல்லி டிரே பக்கத்துல அடுக்கணும், மழை வந்தா ஓடிப்போய் உள்ள எடுத்து வைக்கச் சொல்லி போன் பண்ணணும். இதெல்லாம் செஞ்சவங்களுக்குத்தான் 1958-ல தெற்கு லண்டன் பிரிக்ஸ்டன்ல ஒரு பொண்ணு ஒரு பத்திரிகை நடத்தினதுன்னா என்னன்னு வயித்துல உறைக்கும்.

கிளாடியா பொறந்தது 1915-ல, டிரினிடாட்ல, போர்ட் ஆஃப் ஸ்பெயின் பக்கம் பெல்மாண்ட்ல. அப்ப பேரு கிளாடியா வேரா கம்பர்பேட்ச். முதல் உலகப்போருக்கு அப்புறம் கோகோ விலை விழுந்து குடும்பம் நொடிச்சுப் போச்சு. அப்பா அம்மா 1922-ல நியூயார்க் போனாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 1924 பிப்ரவரியில கிளாடியாவும் மூணு சகோதரிங்களும் ஒரு அத்தையோட கப்பல் ஏறி, நியூயார்க்ல கருப்பின ஜனங்க நிறைய வாழற ஹார்லெம் பகுதிக்கு வந்து சேர்ந்தாங்க. 9 வயசு கூட நிரம்பல. அம்மாவுக்கு தையல் ஃபேக்டரியில வேலை. கிளாடியாவுக்கு 12 வயசு இருக்கும்போது அந்தம்மா மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) வந்து வேலை செஞ்சுட்டு இருந்த மெஷின் முன்னாடியே விழுந்து செத்தாங்க, வயசு 37. யூனியன் கிடையாது, வேகமா தை வேகமா தைன்னு விரட்டல், வீட்டுக்கு வந்தா பிள்ளைங்க வேலை, இதெல்லாம் சேர்ந்துதான் அம்மா ஆயுசைக் குறைச்சதுன்னு பின்னாடி கிளாடியாவே ஒரு கடிதத்துல எழுதியிருக்காங்க. அந்தம்மா எழுதின எல்லாத்துக்கும் அடியில இந்த தையல் மெஷின் இருக்குன்னு எனக்குத் தோணும்.

பள்ளிக்கூடத்துல நல்ல குடிமகளுக்கான தியோடர் ரூஸ்வெல்ட் விருது வாங்கினாங்க. அந்த நாடு அவங்களுக்குக் குடியுரிமை கடைசி வரைக்கும் தரவே இல்ல, இதை ஞாபகம் வச்சுக்கோங்க. 17 வயசுல காசநோய், இருந்த வீடு அவ்வளவு ஈரம், ஒரு வருஷம் கிட்ட ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தாங்க, நுரையீரல் அதுக்கப்புறம் சரியாகவே இல்ல. ஸ்கூல் முடிச்சாங்க, ஆனா பட்டமளிப்புக்குப் போற செலவுக்கு வீட்ல காசு இல்ல. காலேஜ் பேச்சே இல்ல, சலவைக் கடை வேலை, அப்புறம் கடைகள்ல விற்பனை வேலை. இதுக்கு நடுவுல ஹார்லெம்ல ஒரு பத்திரிகையில 'கிளாடியா கமெண்ட்ஸ்'னு ஒரு பத்தி எழுத ஆரம்பிச்சாங்க. எழுத்து உள்ள நுழைஞ்சது இப்படித்தான்.

1936-ல கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்புல சேர்ந்தாங்க. அலபாமாவுல ஒன்பது கருப்பினப் பசங்க மேல பொய் வழக்கு போட்டு மரண தண்டனை வரைக்கும் கொண்டு போனாங்களே, ஸ்காட்ஸ்பரோ வழக்கு, அந்தப் பசங்களுக்காக நின்னது இவங்கதான்னு பாத்து போனாங்க. பாதுகாப்புக்காக ஜோன்ஸ்னு பேரு மாத்திக்கிட்டது அப்பதான். அதுக்கப்புறம் கட்சிப் பத்திரிகைகள்ல வேலை, எடிட்டர் வரைக்கும் போனாங்க. ஒரு பக்கத்தை எப்படிக் கட்டணும், தலைப்பு எப்படி வைக்கணும், கெடுவுக்குள்ள எப்படி முடிக்கணும்னு இந்த வருஷங்கள்லதான் படிச்சாங்க. கட்சி அரசியல்ல உங்களுக்கு உடன்பாடு இருக்கோ இல்லையோ, தொழில் கத்துக்கிட்டது அங்கதான், அதை மறைச்சு எழுதறதுல எனக்கு விருப்பம் இல்ல.

1949-ல அவங்க எழுதின ஒரு கட்டுரை இன்னிக்கும் படிக்கப்படுது. கருப்பினப் பொண்ணுங்க படற பாட்டை யாருமே கண்டுக்கறதில்ல, இயக்கத்துல இருக்கறவங்க கூட கண்டுக்கறதில்லன்னு நேரா கேட்டாங்க. இனம், வேலை, பொண்ணாப் பொறந்தது, இந்த மூணு சுமையும் ஒரே தோள்ல ஏறுதேன்னு. வீட்டு வேலை செய்யற பொண்ணுங்களைப் பத்தி அதுல எழுதியிருக்கறதைப் படிக்கும்போது, நம்ம ஊர்ல வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்களை நெனைக்காம இருக்க முடியாது.

அமெரிக்காவுல கம்யூனிஸ்டுகளை வேட்டையாடின மெக்கார்த்தி காலம் வந்துச்சு. 1948-ல இருந்து கைது, ஜாமீன், திரும்ப கைது. நியூயார்க் துறைமுகத்துல குடியேறிகளைப் புடிச்சு வைக்கற எல்லிஸ் தீவுல அடைச்சு வச்சாங்க. 1951-ல, அரசைக் கவிழ்க்கப் பேசறதே குத்தம்னு சொல்ற ஸ்மித் சட்டத்துல புடிச்சப்ப அவங்க செஞ்ச குத்தம்னு காட்டினது என்னன்னா பெண்களும் அமைதியும் பத்தி அவங்க எழுதின ஒரு கட்டுரை. தண்டனை சொல்றதுக்கு முன்னாடி கோர்ட்ல பேசினப்ப, அந்தக் கட்டுரையை நீங்க இங்க வாய்விட்டுப் படிக்கவே இல்லையே, படிக்க உங்களுக்குத் தைரியம் இல்லன்னு அரசு தரப்பைப் பாத்து கேட்டாங்க. எழுதினதுக்காக ஜெயில், ஆனா எழுதினது என்னன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை. 1955-ல மேற்கு வர்ஜீனியா ஆல்டர்சன் பெண்கள் சிறையில ஒன்பது மாசத்துக்கு மேல இருந்தாங்க, ஏற்கனவே கெட்டுப்போன நுரையீரலும் இதயமும் அங்க இன்னும் மோசமாச்சு.

வெளிய வந்ததும் நாடு கடத்தல். எங்க அனுப்பறது? பொறந்த ஊரு டிரினிடாட், ஆனா அது அப்ப பிரிட்டிஷ் காலனி, அங்க இருந்த வெள்ளைக்கார கவர்னர் இந்தம்மா வந்தா தொல்லைன்னு வேண்டாம்னுட்டாரு. கடைசியில பிரிட்டிஷ் பிரஜைங்கற கணக்குல லண்டனுக்கு அனுப்ப முடிவாச்சு. 1955 டிசம்பர்ல நியூயார்க்ல கப்பல் ஏறினாங்க. முப்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்த ஊரு, சொந்தபந்தம், ஸ்நேகிதம் எல்லாத்தையும் விட்டுட்டு, 40 வயசுல, உடம்பு முடியாம, தெரியாத ஒரு குளிர் ஊருக்கு. நாம விரும்பி விசா வாங்கி சூட்கேஸை உருட்டிட்டு வந்தவங்க, அதுக்கே முதல் குளிர்காலத்துல அழுதோம்.

அந்த லண்டன் எப்படி இருந்துச்சுன்னா, 1948-ல விண்ட்ரஷ் கப்பல் வந்ததுல இருந்து கரீபியன் ஜனங்க வந்துட்டே இருந்தாங்க, பஸ் ஓட்டவும் ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை பாக்கவும் ஆள் வேணும், ஆனா ரூம் வாடகைக்குக் கேட்டா ஜன்னல்ல கருப்பர்களுக்கு இல்லன்னு அட்டை தொங்கும். அவங்க சேதி எந்தப் பத்திரிகையிலயும் வராது, வந்தா போலீஸ் சேதியா மட்டும் வரும். பிரிட்டிஷ் கட்சிக்காரங்க கிட்டயும் கிளாடியாவுக்கு எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கல, அமெரிக்காவுல பெரிய பொறுப்புல இருந்தவங்களை இங்க ஓரத்துல உக்கார வச்சாங்க. அப்பதான் நமக்குன்னு ஒரு பத்திரிகை வேணும்னு இறங்கினாங்க.

1958 மார்ச்ல 'வெஸ்ட் இண்டியன் கெஜட்' வந்துச்சு. பிரிக்ஸ்டன் ரோடு 250-ம் நம்பர்ல ஒரு ரெக்கார்டு கடை, அதோட மாடியில ஆபிஸ். கீழ பாட்டு, மேல டைப்ரைட்டர். கருப்பின இயக்கத் தலைவர் மார்கஸ் கார்வியோட முதல் மனைவி எமி ஆஷ்வுட் கார்வி கூட இருந்து ஆரம்பிச்சாங்க, அவங்களே ஒரு பெரிய அமைப்பாளர். அப்புறம் நம்ம நாட்டுக்காரர் ஒருத்தர், அபிமன்யு மன்சந்தா, இந்தியாவுல இருந்து வந்த இடதுசாரி, கிளாடியாவோட வாழ்க்கையிலயும் பத்திரிகையிலயும் கூடவே நின்னவரு. போகப் போக பத்திரிகை பேரோட 'ஆஃப்ரோ ஏசியன் கரீபியன் நியூஸ்'னும் சேர்ந்துச்சு. தீவுக்காரங்க பத்திரிகைன்னு ஆரம்பிச்சது, ஆப்பிரிக்காக்காரனும் ஆசியாக்காரனும் இங்க படறது ஒரே பாடுதான்னு விரிஞ்சுது. இந்த முடிவு வியாபாரக் கண்ணோடு பாத்தாலும் சரின்னுதான் நான் நெனைக்கிறேன், வாசகர் வட்டத்தைச் சுருக்கிக்காத ஒரு ஆசிரியர் எடுக்கற முடிவு அது.

எழுதினது யாருன்னு பாருங்க. ஜார்ஜ் லாமிங், ஆண்ட்ரூ சால்கி, ஜான் கரூ, பின்னாடி கரீபியன் இலக்கியத்துல பெரிய பேரு வாங்கினவங்க. அதே பக்கத்துல லண்டன் டிரான்ஸ்போர்ட்ல பஸ் கண்டக்டரா இருந்த டொனால்ட் ஹைண்ட்ஸ்ங்கற ஜமைக்காக்காரர். பகல்ல டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு ட்யூட்டி முடிஞ்சதும் நிருபர். இப்படி ஒரு ஆளைப் பிடிச்சு எழுத வைக்கறதுதான் ஆசிரியரோட வேலை, பேரு வாங்கினவங்க கட்டுரையை வாங்கிப் போடறது யாரும் செய்வாங்க. பத்திரிகையில மேற்கிந்தியக் கூட்டாட்சி சேதி இருக்கும், ஆப்பிரிக்க விடுதலைச் சேதி இருக்கும், கவிதை இருக்கும், இங்க வாடகைக்கு விட்ட வீட்டுக்காரன் செஞ்ச அநியாயமும் இருக்கும். சர்குலேஷன் உச்சத்துல 15,000 வரைக்கும் போச்சு. விளம்பரம் புடிச்ச அனுபவத்துல சொல்றேன், ஏழைங்க வாங்கற ஒரு பத்திரிகைக்கு அது சாதாரண நம்பர் இல்ல. ஆனா சர்குலேஷன் ஏறினா காசு வரும்னு இல்ல, வாசகன் கிட்ட வாங்கற சக்தி இல்லன்னு நெனைக்கிற கம்பெனி விளம்பரம் தராது. கெஜட்டுக்கு பணமுடை கடைசி வரைக்கும் தீரவே இல்ல, வேலை செஞ்சவங்க பெரும்பாலும் சம்பளம் பாக்காம செஞ்சாங்க, ஆசிரியர் உட்பட.

பத்திரிகை ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆகல, 1958 ஆகஸ்ட் கடைசியில நாட்டிங்காம்லயும் லண்டன் நாட்டிங் ஹில்லயும் கலவரம். வெள்ளைக்காரப் பசங்க கூட்டம் கூட்டமா கம்பி, பாட்டிலோட கருப்பினத்தவங்க வீடுகளைத் தேடிப்போய் அடிச்சாங்க, நாட்டிங் ஹில்ல ஒரு வாரம் ஓடுச்சு. அதே சமயத்துல கெஜட் ஆபிஸுக்கு, அமெரிக்க வெள்ளை வெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளான் பேர்ல மிரட்டல் கடிதம் வந்துச்சு. ஜனங்க எங்க போறது? போலீஸ் கிட்ட நம்பிக்கை இல்ல. அந்த ரெக்கார்டு கடை மாடிக்கு வந்தாங்க. பத்திரிகை ஆபிஸ் ராத்திரியோட ராத்திரியா சட்ட உதவி மையமாவும் துக்கம் சொல்லி அழற இடமாவும் ஆச்சு.

இங்க ஒரு நம்ம ஆளைப் பத்தி சொல்லணும். அதே 1958-ல இலங்கையில தமிழர்களுக்கு எதிரா கலவரம் நடந்துச்சு, அதைப் பாத்து மனசு வெறுத்து கொழும்பை விட்டு லண்டன் வந்து இறங்கினவர் அம்பலவாணர் சிவானந்தன். வந்து இறங்கினா இங்க நாட்டிங் ஹில் எரியுது. ஒரே வருஷத்துல ரெண்டு நெருப்பு. பின்னாடி அவரு லண்டன்ல இன உறவுகள் ஆய்வு நிறுவனத்துல நூலகரா சேர்ந்து, அதையே தலைகீழா மாத்தி, 'ரேஸ் அண்ட் கிளாஸ்'னு ஒரு பத்திரிகையை பல வருஷம் நடத்தினாரு. லண்டன் தமிழர்கள்ல எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்னு கேட்டா பதில் சொல்ல எனக்கு மனசு வர்றதில்ல. அவரும் கிளாடியாவும் வேற வேற பாதை, ஆனா ஓடி வந்த ஊர்லயும் அடி விழும்போது பேனாவை எடுத்தவங்க ரெண்டு பேருமே.

கலவரத்துக்கு அப்புறம் ஒரு பேச்சு வந்துச்சு, இந்த நாத்தத்தை எப்படிக் கழுவறதுன்னு. கிளாடியா சொன்னது, நம்ம டிரினிடாட்ல வைக்கற மாதிரி கார்னிவல் வைப்போம். 1959 ஜனவரி 30, கடுங்குளிரு, தெருவுல ஆட முடியாது, அதனால செயின்ட் பான்க்ராஸ் டவுன் ஹால் உள்ள. எட்ரிக் கானர் இயக்கம், போஸ்கோ ஹோல்டர் நடனக் குழு, மைட்டி டெரரோட கலிப்ஸோ (டிரினிடாட் பாட்டு), கிளியோ லெய்ன் பாட்டு, அழகிப் போட்டி, எல்லாத்தையும் பிபிசி டிவியில காட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, ஒரு வயசு கூட ஆகாத, வாடகைக்குத் திணறுற ஒரு பத்திரிகை, அஞ்சு மாசம் முன்னாடி அடி வாங்கின ஜனங்களை நாட்டோட டிவியில ஆடவும் பாடவும் நிறுத்துது. இன்னிக்கு மீடியா கம்பெனிங்க ஈவென்ட் நடத்தறதைப் பெரிய வியாபார உத்தின்னு பேசறாங்க, அந்தம்மா வாசகர்களை ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்து அதை அப்பவே செஞ்சுட்டாங்க.

அந்த விழா மலர்ல ஒரு சின்ன அறிவிப்பு இருக்கு, அதுதான் என்னை ரொம்ப பாதிச்சது. மலர் வித்து வர்ற காசுல ஒரு பங்கு நாட்டிங் ஹில் சம்பவத்துல மாட்டின பசங்களோட அபராதம் கட்டறதுக்குன்னு போட்டிருக்கு, கருப்பினப் பசங்க மட்டும் இல்ல, வெள்ளைக்காரப் பசங்களுக்கும் சேத்து. மிரட்டல் கடிதம் வந்த அதே ஆபிஸ்ல இருந்துதான் இந்த முடிவு. அதே மலர்ல கிளாடியா எழுதின கட்டுரைக்கு வச்ச கருத்து, ஒரு ஜனத்தோட கலைதான் அவங்க விடுதலைக்கு விதைங்கறது. மேடைப் பேச்சா கேட்டா சாதாரணமா இருக்கும், அபராதக் காசோட சேத்துப் படிச்சாதான் அதோட கனம் தெரியும்.

உள்ளரங்கு கார்னிவல் வருஷா வருஷம் 1964 வரைக்கும் நடந்துச்சு. தெருவுல நடக்கற நாட்டிங் ஹில் திருவிழா 1966-ல ரான் லாஸ்லெட்னு ஒரு சமூக சேவகி வேற வழியில ஆரம்பிச்சது, ரெண்டுல எது மூலம்னு இன்னிக்கும் சண்டை உண்டு. எனக்கு ரெண்டு பேருக்கும் இடம் இருக்குன்னுதான் படுது.

1959 மே மாசம் ஆன்டிகுவாவுல இருந்து வந்த கெல்சோ காக்ரேன்ங்கற தச்சரை ராத்திரி நடந்து போகும்போது வெள்ளைக்காரப் பசங்க கும்பல் குத்திக் கொன்னுச்சு, இன்னிவரைக்கும் ஒருத்தரும் தண்டிக்கப்படல. இறுதி ஊர்வலத்துல ஆயிரத்துக்கு மேல ஜனம். கெஜட் அதுக்கும் முன்னாடி நின்னுச்சு. 1962-ல காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்தப்ப எதிர்த்துச்சு, நம்ம இந்திய, பாகிஸ்தான் ஜனங்களையும் சேத்து அடிச்ச சட்டம் அது. 1963 ஆகஸ்ட்ல வாஷிங்டன்ல மார்டின் லூதர் கிங் பேரணி நடந்தப்ப லண்டன்ல அமெரிக்கத் தூதரகத்துக்கு ஆதரவு ஊர்வலம் கூட்டிட்டுப் போனாங்க. தன்னைத் துரத்தின நாட்டோட வாசல்ல போய் நின்னாங்க.

பத்திரிகைக்குக் காசு தீரும்போதெல்லாம் நடன நிகழ்ச்சி, கச்சேரி. 1960-ல அமெரிக்கக் கருப்பினப் பாடகர் பால் ரோப்சன் செயின்ட் பான்க்ராஸ்ல வந்து கெஜட்டுக்காகப் பாடினாரு. ரோப்சனும் அமெரிக்க அரசு எட்டு வருஷம் பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சிருந்த ஆளு, ஹார்லெம் காலத்து நட்பு. அவ்வளவு பெரிய பாடகர் வந்து பாடி ஒரு மாடி ஆபிஸ் பத்திரிகைக்கு காசு சேத்துக் குடுத்தாருன்னா, கிளாடியா மேல ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை எப்படிப்பட்டதுன்னு பாருங்க. ஒரு சின்னப் பத்திரிகைக்கு உண்மையான முதல்னா அதுதான், பேங்க்ல இருக்கறது இல்ல.

1964-ல ஜப்பான், சீனா போயிட்டு வந்தாங்க. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஃப்ளாட்ல தனியா இருக்கும்போது மாரடைப்பு, மறுநாள் கிறிஸ்துமஸ் அன்னைக்குத்தான் கண்டுபிடிச்சாங்க. வயசு 49. சின்ன வயசுல வந்த காசநோயும் இதய நோயும் சேர்ந்து எடுத்துட்டுப் போச்சு. அம்மா 37, பொண்ணு 49. வேலை தின்ன ரெண்டு ஆயுசு.

அஸ்தி ஹைகேட் கல்லறையில கார்ல் மார்க்ஸுக்கு இடது பக்கம் இருக்கு. நான் போயிருக்கேன். மார்க்ஸோட அந்தப் பெரிய தலைக்கு முன்னாடி கூட்டம் நின்னு போட்டோ எடுக்கும், பக்கத்துல இருக்கற கல்லை முக்கால்வாசி பேர் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க. அந்தக் கல்லே 1984-லதான் வந்துச்சு, அதுவரைக்கும் பேரு கூட இல்லாம கெடந்த இடம். 2008-ல ராயல் மெயில் அவங்க படம் போட்டு தபால்தலை விட்டுச்சு.

கெஜட் அவங்களுக்கு அப்புறம் எட்டு மாசம் ஓடுச்சு, நாலே நாலு இதழ் வந்துச்சு, நின்னுடுச்சு. மன்சந்தா முயற்சி பண்ணாரு, முடியல. ஒருத்தரோட உழைப்பு மேல நிக்கிற பத்திரிகைக்கு வாரிசு ஏற்பாடு இல்லன்னா இதுதான் கதி, நம்ம புலம்பெயர்ந்த தமிழ்ப் பத்திரிகைங்க எத்தனையோ இப்படித்தான் போச்சு, ஆசிரியர் படுத்தா பத்திரிகையும் படுத்துடும். கிளாடியா அடுத்த ஆளைத் தயார் பண்ணலைன்னு சில பேர் குறையா எழுதறாங்க. சம்பளமே குடுக்க முடியாத இடத்துல யாரை எப்படித் தக்க வைக்கறது? அந்தக் குறையை நான் ஏத்துக்கல. தயாரான ஆளுங்க வேற இடத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தாங்க. அந்த பஸ் கண்டக்டர் டொனால்ட் ஹைண்ட்ஸ் 1966-லயே பிரிட்டன்ல வாழற மேற்கிந்திய ஜனங்களைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு, அப்புறம் வாத்தியாராப் போனாரு, கெஜட் ஆபிஸ்ல யார் வந்தாங்க, எப்படி வேலை நடந்துச்சுன்னு பல இடத்துல எழுதி வச்சாரு. அந்த மாடியைப் பத்தி இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி அவரு எழுதினதுதான்.